புதுப்பிப்பு: மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டேன்

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, கர்ப்பம் ஏழாம் மாதம், 'அடிக்கடி இடத்தைவிட்டு எழுகிறார், தாமதமாக வருகிறார்' என்று மெமோ, தூக்கமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா?

நீங்கள் சொன்னபடி எழுத்திலேயே பதில் கொடுத்தேன். தாமதமான நாள்களெல்லாம் பரிசோதனை நாள்கள். ஆசாரிபள்ளம் மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்தேன். என் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்டதும் மேலாளர் மேசையெல்லாம் பேனா தேடினார். பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது!

மகப்பேறு விடுப்புச் சட்டம் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. கர்ப்பகாலத்தில் வேலையைவிட்டு நீக்கினாலும் அந்தப் பணம் பறிபோகாது. கடும் ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் மெமோவைப் பதிலில்லாமல் விடக்கூடாது என்கிறேன்.

இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது; அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். இரவில் கஞ்சியும் பயறும் வைத்துவிட்டு, "கடைப் பேச்சு இனி வேண்டாம் மக்களே" என்று தடை போட்டுவிட்டார் மாமியார். அதில்தான் தூக்கம் திரும்பியது.

மெமோ மீது முடிவு வரவில்லை. நாற்காலி மட்டும் வந்திருக்கிறது, ஏதோ சலுகைபோல. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.