கலைச்சொல் தேவை: நியூரோபேசிஸ் சைனென்சிஸ்

குழுவினருக்கு வணக்கம். நியூரோபேசிஸ் சைனென்சிஸ் என்பது ஓர் ஊசித்தட்டான், அதாவது ஊசிபோல் மெலிந்த உடல் கொண்ட தட்டான் வகை. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும்போது குழுவில் எழுந்த கேள்வி இது:

> 'ஓடை எழில்' அல்லது 'சீன ஊசித்தட்டான்' என்று வைக்கலாமா?

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது 'ஸ்ட்ரீம் குளோரி' என்ற ஆங்கிலப் பெயரின் நிழல். இரண்டாவது, 1758இல் லின்னேயஸ் இட்ட 'சைனென்சிஸ்' (சீனாவைச் சேர்ந்தது) என்ற சிற்றினப் பெயரிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோடைகளிலும் இலங்கையிலும் வாழும் பூச்சியை அப்படி அழைத்தால், கேட்பவர் வேற்றுநாட்டு இனம் என்றே எண்ணுவார்.

நேரில் பார்த்ததை வைத்துப் பெயரிடுவோம். ஓடை நடுவே ஈரப்பாறையில் ஆண் தட்டான் இறக்கைகளை முதுகின்மேல் மடித்து அமர்ந்திருக்கும். பின்னிறக்கையின் கீழ்ப்புறம் கருஞ்செம்பு நிறம் என்பதால் அப்போது எளிதில் கண்ணில் படாது. சட்டென்று விரிக்கும்போதுதான் அந்தப் பச்சை! நுனி மட்டும் கறுப்பு. இது சாயத்தின் நிறமே அல்ல. இறக்கைச் சவ்வின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறப்பது. கோணம் மாறினால் நீலம் தட்டும். முன்னிறக்கையில் இது கிடையாது, அதன் வழியே பாறை தெரியும்.

முதலில் 'ஓடைமின்னி' என்று குறித்துவைத்தேன். மின்மினியோடு குழம்பும், விட்டுவிட்டேன். 'பச்சைச்சிறகி' அழகான சொல்தான், ஆனால் சிறகி என்பதை நீர்ப்பறவைக்காரர்கள் வாத்தினத்துக்கு வைத்திருக்கிறார்கள். தும்பி என்றால் பழைய பாடல் படித்தவர்களுக்கு வண்டு நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு 'மரகத ஓடைத்தட்டான்'. நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவுக்கு இறக்கையின் பச்சையால் வந்த பெயர் அது. அதே சொல் இங்கும் இறக்கையைத்தான் சுட்டுகிறது, தமிழில் ஏற்கெனவே பழகிய வழி.

———

ஐயா, மரகதம் பொருந்துகிறது. ஓடைதான் இடிக்கிறது. யூஃபேயா, ஹீலியோசிஃபா ஆகிய ஊசித்தட்டான் பேரினங்கள் என அதே ஓடையில் இன்னும் பல இனங்கள் இருக்கின்றனவே, எல்லாமே ஓடைத்தட்டான்தானே? 'ஊசி'யை விட்டால், இறக்கை விரித்து அமரும் பெருந்தட்டான்களோடும் கலந்துவிடும்.

இன்னொன்று, பெண்ணின் இறக்கை பச்சை இல்லை. தேன்நிறம், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, நுனிப்பக்கம் இன்னொன்று. அவளையும் மரகதம் என்பது சரியா?

———

அக்கா, ஓடையை எடுத்துவிடுகிறேன். 'ஓடைவாழ் ஊசித்தட்டான்கள்' என்று மொத்தக் கூட்டத்துக்கும் அது பயன்படட்டும்.

பெண்ணுக்கு உடல் பச்சை உலோகப் பளபளப்பு உடையது, ஆகவே மரகதம் முற்றிலும் பொய்யாகாது. வெஸ்டாலிஸ் என்ற மற்றோர் ஊசித்தட்டான் பேரினத்தின் இனங்களுக்கும் பச்சை உடல் உண்டு என்று யாராவது கேட்பார்கள். அவற்றின் ஆணுக்கு இந்தப் பச்சை இறக்கை இல்லை. வேறுபாட்டைப் பெயரிலேயே திணிக்காமல் விளக்கத்தில் எழுதுவோம்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: மரகத ஊசித்தட்டான். ஆண்: பின்னிறக்கை மேற்புறம் ஒளிர்பச்சை, நுனி கறுப்பு. பெண்: தேன்நிற இறக்கையில் வெண்பொட்டுகள். பெண்ணின் படம் உங்களிடம் இருந்தால் அதையும் சேர்த்துவிடலாம்.