செட்டிநாட்டு வீட்டை விஆரில் (மெய்நிகர் காட்சியில்) எடுக்கிறேன்: தூணும் தரையும் ஸ்கேனில் உருகி வருகின்றன

பட்டாலைப்பையன்:
தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஐயா வீடு. பங்காளிகள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள், தை பிறந்ததும் வீட்டைக் கழற்றிப் பிரிக்கப் போகிறார்கள். தேக்கு வாசல் நிலைகளுக்கு இப்போதே ஆள் வந்து விலை கேட்கிறான். அதற்குள் வீட்டை அப்படியே எடுத்து, குவெஸ்ட் 3 என்ற விஆர் ஹெட்செட்டில் உள்ளே நடக்கிற மாதிரி செய்ய ஆசை. சித்தப்பாவோடு சிங்கப்பூரில் இருக்கும் அப்பத்தாவுக்காகத்தான்.

போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து ஃபோட்டோகிராமெட்ரி மென்பொருளில் (பல படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் கட்டுவது) போட்டேன். முகப்பில் செதுக்கு வேலை உள்ள நிலை அச்சாக வந்தது. வளவில் (வீட்டின் நடு முற்றம்) இருக்கும் கருங்கல் தூண்களோ மெழுகு மாதிரி உருகி நிற்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குண்டும் குழியும், வெள்ளைச் சுவரெல்லாம் ஓட்டை. கேமராவை மாற்றணுமா, மென்பொருளையா?

புள்ளிமேகம்:
காசியன் ஸ்பிளாட் முயன்று பாருங்கள், படங்களிலிருந்து வீட்டை எண்ணற்ற மங்கலான வண்ணப் புள்ளிகளாகக் காட்டும் முறை அது. பளபளப்பு அதில் நன்றாக வரும். ஆனால் முழு வீடு என்றால் ஹெட்செட் தனியாகத் தாங்குவது கஷ்டம், கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டுவது நல்லது. ஐபோன் புரோவில் உள்ள லைடாரை (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) நம்பலாம் என்றால், அது 5 மீட்டர் வரைதான் எட்டும்.

நூல்குண்டு:
இரண்டையும் மாற்ற வேண்டாம் தம்பி. ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டுதான் மென்பொருள் உருவம் கட்டுகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி கிடையாது. மெருகேற்றிய தூணில் தெரிவது பிரதிபலிப்பு, நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வண்ண சிமென்ட் ஊற்றித்தானே செய்கிறார்கள், அது மின்னாமல் என்ன செய்யும்?

சுவர், தூண், தரையை ஸ்கேன் செய்வதை விடுங்கள். டேப்பால் அளந்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டுங்கள். ஸ்கேன் நிலைக்கும் சிற்பத்துக்கும் போதும், அதையும், உருவத்தின் மேற்பரப்பைக் கட்டும் முக்கோணங்களைக் குறைத்துத்தான் உள்ளே வைக்கணும். இல்லாவிட்டால் நொடிக்கு 72 ஃப்ரேம் நிற்காது, பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

தரைக்கு ஒரே கல்லைப் படமெடுத்துப் பரப்பிவிடாதீர்கள். கையால் ஊற்றியது, ஒன்றில் பூ சற்றுத் தடிக்கும், இன்னொன்றில் ஓரம் மங்கும். பத்துப் பன்னிரண்டு கல்லை நிழலில் நேர் மேலே இருந்து எடுத்துக் கலந்து பதியுங்கள். ஒரே படம் என்றால் லினோலியம் விரித்த மாதிரிதான் இருக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் காலை பத்து மணி வைப்பேன்: வளவில் வெயில் இறங்கியிருக்கும், பட்டாலை (உட்காரும் திண்ணைக் கூடம்) பாதி இருட்டு. அந்த வெளிச்சத்தையும் நிழலையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் படத்திலேயே பதித்து, அதாவது பேக் செய்துவிட்டால் ஹெட்செட்டுக்கும் சுமை இல்லை.

முக்கியமாக, நிலை உயரத்தையும் வாசற்படி உயரத்தையும் சென்டிமீட்டர் பிசகாமல் அளந்து வையுங்கள். காட்சியை ஓட்டும் யூனிட்டி மென்பொருளில் 1 அலகு 1 மீட்டர். எழுபது வருஷம் குனிந்து போன நிலை அரை அடி கூடியிருந்தால் அப்பத்தா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பட்டாலைப்பையன்:
ரொம்ப நன்றிண்ணே. இன்னொன்று: உள் அறைகளில் நாலு பூட்டிக் கிடக்கின்றன, சாவி ஆளுக்கொரு ஊரில். கற்பனையாகச் சாமான் நிரப்பலாமா?

நூல்குண்டு:
வேண்டாம், பூட்டியபடியே காட்டுங்கள். பூட்டை மட்டும் நன்றாகப் படமெடுங்கள். அப்புறம், வயதானவர்களுக்கு வழுக்கிக்கொண்டு நகரும் நடை ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி இடம் தாவுகிற மாதிரி வையுங்கள்.