ஃபாஸ்டர் கேர் குழந்தைகளுக்காகக் கோர்ட்டில் பேசும் தன்னார்வலர் வேலை: யாராவது செய்திருக்கிறீர்களா?

டாலஸ்மீனா:
டாலஸ் பக்கம் இருக்கிறேன், வயது 41, பாதி நேர வேலை. நூலகத்தில் ‘காசா’ (CASA) என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். கொடுமையோ கவனிப்பின்மையோ காரணமாக அரசு பெற்றோரிடமிருந்து பிரித்து, ‘ஃபாஸ்டர் கேர்’ என்று வேறு வீட்டில் வைத்த குழந்தைகளுக்காக நீதிபதி நியமிக்கும் தன்னார்வலராம், சட்டப் படிப்பு வேண்டாமாம். கணவரிடம் சொன்னால் ‘காசாவில் காசு உண்டா?’ என்று சிரிக்கிறார். அது கிடக்கட்டும். என் தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தை அங்கே யார் மதிப்பார்கள்? அப்புறம் மாமியார் கேட்டது: ‘அடுத்தவர் குடும்பத்தில் தலையிட நீ யார்?’ பதில் சொல்லத் தெரியவில்லை.

பழையசோறு:
மீனா, நான் டெக்சஸில்தான் நாலு வருடமாகச் செய்கிறேன். 1977-இல் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி தொடங்கியது இது. கொஞ்சம் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் வாழ்க்கையை எப்படித் தீர்மானிப்பது என்று அவருக்குத் தூக்கம் போயிருக்கிறது. அந்தக் காகிதத்தில் இல்லாததைப் பார்த்து எழுதுவதுதான் நம் வேலை. மாதம் ஒரு முறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும், டீச்சர், டாக்டர், வளர்க்கும் குடும்பம், பெற்ற தாய் எல்லாரிடமும் பேசி, ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் அறிக்கை கொடுக்க வேண்டும். முதலில் 30 மணி நேரப் பயிற்சி, பின்னணிச் சோதனை, பிறகு வருடத்துக்கு 12 மணி நேரம். உச்சரிப்பை யாரும் கேட்கவில்லை. ‘பையனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று மூன்று மாதமாக டீச்சர் சொல்கிறார், யாரும் வாங்கவில்லை’ என்று நான் எழுதியதை ஜட்ஜ் சத்தமாகப் படித்தார், பத்து நாளில் கண்ணாடி வந்தது.

மாமியாருக்குச் சொல்லுங்கள்: குடும்பத்தைப் பிரிக்க நாம் போவதில்லை, அது நடந்த பிறகுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். முதல் இலக்கே குழந்தை வீடு திரும்புவதுதான். போதைக்கு அடிமையான ஓர் அம்மா மேல் எனக்கு முதல் நாள் அவ்வளவு கோபம். ஆனால் இரண்டு பஸ் மாறி, ஒரு சந்திப்பையும் தவறவிடாமல் அவர் வந்ததையும் அறிக்கையில் எழுத வேண்டும் அல்லவா? எழுதினேன். கை நடுங்கியது என்பதும் உண்மை.

தெற்குவாசல்:
மாற்றுக் கருத்து. நான் பாதியில் விட்டவன். வேலை மாறி ஊர் போக வேண்டி வந்தது. டெக்சஸ் சட்டப்படி வழக்கு ஒரு வருடத்தில் முடிய வேண்டும், ஆறு மாதம் நீட்டிக்கலாம். அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அதற்குள் மூன்று வீடு, இரண்டு கேஸ் வொர்க்கர் (வழக்கைக் கவனிக்கும் ஊழியர்) மாறியிருந்தார்கள், மாறாமல் இருந்தது நான் மட்டும், நானும் போனேன். ஒன்றரை வருடம் இதே ஊரில் இருப்பேன் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இப்போது வேண்டாம்.

இன்னொன்று, நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. பணம் கொடுக்கக் கூடாது, வீட்டுக்கு அழைத்து வந்து தோசை போடக் கூடாது. தீபாவளிக்குச் சட்டை எடுத்துத் தரலாமா என்று கேட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழையசோறு:
தெற்குவாசல் சொல்வது சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வேடிக்கை: பயிற்சியில் ‘இந்தியக் குழந்தைகள் நலச் சட்டம், 1978’ என்றதும் நம்மைப் பற்றித்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கானது!

டாலஸ்மீனா:
இருவருக்கும் நன்றி. குழந்தை கேட்பது ஒன்று, அதற்கு நல்லது என்று எனக்குத் தோன்றுவது வேறு என்றால்?

பழையசோறு:
இரண்டையும் எழுதுங்கள். குழந்தையின் விருப்பத்தைச் சொல்லத் தனி வக்கீல் உண்டு, ஆனாலும் நம் அறிக்கையில் அது விடுபடக் கூடாது. வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது, மாமியாரிடமும்தான்.

டாலஸ்மீனா:
அதுதான் கஷ்டம் போலிருக்கிறது :) வியாழக்கிழமை அறிமுகக் கூட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். ஒன்றரை வருடக் கணக்கை மட்டும் கணவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.