முழங்கால் வலிக்கு மிளகாய்ச் சத்து ஜெல்: பயனை எப்படிச் சோதிப்பது?

காவேரிப்பட்டணத்துக்காரர்: மாந்தோப்பில் வேலை செய்யும் என் தாயாரின் முழங்கால் வலிக்கு, மிளகாயிலிருந்து எடுக்கும் கேப்சைசின் கலந்த ஜெல்லை மூன்று நாட்களாகத் தடவியும் எரிச்சல்தான் மிச்சம். பயன் உண்டா என்று எப்படி அறிவது?

பாலக்கோட்டு வாசகர்: ஐயா, வலியை உணர்த்தும் நரம்பு முனைகளை முதலில் தூண்டி, தொடர்ந்து தடவத் தடவ அவற்றின் உணர்ச்சியைக் குறைப்பதே அதன் வேலை என்பதால், மூன்று நாட்களில் தீர்ப்புச் சொல்ல இயலாது, நாள்தோறும் 3, 4 முறை தடவி, 2 முதல் 4 வாரங்கள் பொறுக்க வேண்டும். மாலைதோறும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அம்மாவையே கேட்டு நாட்காட்டியில் குறித்து வாருங்கள்.

ஓசூர் வாசகி: கொப்புளம் கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். தடவிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். தடவிய இடத்தில் சூடும் வைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரர்: நேற்றிரவுதான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், அம்மா!