தனியார் பல்கலைக்கழகமா, ரட்கர்ஸா? மே 1க்குள் சொல்ல வேண்டும்

எடிசன்_அப்பா
பொண்ணுக்கு நியூயார்க் நகரத்தில் பெரிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. (பெயர் வேண்டாம், தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவாள்.) நியூஜெர்சி அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸும் கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து கால் மணி நேரம். தனியாரில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலருக்கு மேல். தனியார் அனுப்பிய நிதியுதவிக் கடிதத்தில் 'அவார்டு 43,500' என்று இருந்தது. பாயசமே வைத்துவிட்டோம். ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், ஸ்காலர்ஷிப் 18,000தான். 5,500 பிள்ளை பேரில் கடன், 20,000 எங்கள் பேரில் பேரண்ட் பிளஸ் கடன் (பெற்றோருக்கு அரசு தருவது). கடனுக்குப் பேர் அவார்டா?

வட்டிக்கணக்கு
உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை சார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் தணிக்கை அமைப்பு 2022-ல் பார்த்தபோது 91% கல்லூரிகள் கையிலிருந்து போகும் நிகர செலவைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன.

இன்னொரு குழி இருக்கு. 2026 ஜூலை 1 முதல் பேரண்ட் பிளஸ் ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000தான். மூணு வருஷம் 20,000 எடுத்தால் நாலாம் வருஷத்துக்கு மிச்சம் 5,000. அந்த 15,000க்கு எங்கே போவீங்க? பாதிக் கிணறு தாண்டிய பிள்ளையைத் திரும்பி வான்னு சொல்ல முடியாது, தனியார் கடன்காரன் கேட்ட வட்டிக்குக் கையெழுத்துப் போடுவீங்க. பிளஸ் மட்டும் என்ன மலிவா? 2025-26க்கு 8.94%. அதுக்கு மேல 4.228% கட்டணத்தை முன்னாலேயே பிடிச்சுப்பான். 20,000 எடுத்தா கைக்கு வருவது சுமார் 19,150.

வில்லேஜ்_பழசு
விலைப் பலகையைப் பார்த்து எல்லாரையும் பயமுறுத்தாதீங்க. என்.ஒய்.யூ.வில் (நியூயார்க் பல்கலைக்கழகம்) 2024-ல் சேர்ந்தவர்களிலிருந்து, குடும்ப வருமானம் 1,00,000க்குள், சொத்தும் வழக்கமான அளவு என்றால் டியூஷனே கிடையாது. கொலம்பியாவில் அந்த வரம்பு 1,50,000.

எடிசன்_அப்பா
நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ரெண்டு வரம்பையும் தாண்டிவிட்டோம். பணக்காரன் என்று சொல்கிறார்கள், பணத்தைத்தான் காணோம்.

வட்டிக்கணக்கு
என்.ஒய்.யூ. என்றதும் ஞாபகம் வருது. 2004-ல் ஒரு பையன் விடுதிக்குக் காசில்லாமல் அங்கே இருக்கும் பாப்ஸ்ட் நூலகத்தின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் தூங்கினானே. அதையே இணையத்தில் எழுதியும் வந்தான்.

வில்லேஜ்_பழசு
இருபது வருஷத்துக்கு மேலாச்சு. தெரிஞ்சதும் பல்கலைக்கழகமே அவனுக்கு இலவச அறை கொடுத்ததே, அதை விட்டுட்டீங்க.

வட்டிக்கணக்கு
நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கி முடிச்ச பிறகு கொடுத்தாங்க, சரி.

ரயில்_பிள்ளை
அங்கிள், வீட்டிலிருந்தே போய்வரட்டும்னு யாராவது சொல்வாங்க. நான் நம்ம நியூஜெர்சி மெட்ரோபார்க் ஸ்டேஷனில் ரயிலேறி நாலு வருஷம் நகரத்தில் படிச்சேன் (இது வேற காலேஜ்). விடுதிக் காசு மிச்சம், பொய்யில்லை. ஆனா புராஜெக்ட் குழு கூடுறதே ராத்திரி ஒன்பதுக்கு. நான் அப்போ நியூயார்க் பென் ஸ்டேஷன்ல அண்ணாந்து போர்டைப் பார்த்துட்டு நிப்பேன். எந்தப் பிளாட்ஃபார்ம்னு வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் போடுவான், கூட்டமே அப்படியே சரியும். மழை நாள்ல ஈரக் குடையை மடியில வெச்சுக்கிட்டு மூணு வகுப்பு. முதல் வருஷ முடிவுல என் பேர் தெரிஞ்சவங்க மூணு பேர், அதுல ஒருத்தர் செக்யூரிட்டி.

வில்லேஜ்_பழசு
நானும் அதைத்தான் சொல்றேன். போனா அங்கேயே தங்கணும். காலையில வகுப்பு, மதியம் சப்வேயில நாலு ஸ்டாப், இன்டர்ன்ஷிப். செமஸ்டர் நடக்கும்போதே இது முடியும். நான் அப்படி நுழைஞ்ச இடத்துலதான் முதல் வேலை கிடைச்சது. ரட்கர்ஸ் இருக்கிற பிஸ்கட்டவேயில உட்கார்ந்து இது நடக்குமா?

வட்டிக்கணக்கு
ரட்கர்ஸ் பிள்ளைகள் கோடையில அதே ரயிலேறி அதே ஆபீஸுக்குத்தான் போறாங்க. சினிமா, நாடகம்னா நகரம் வேணும்னு நானே சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு என்.ஒய்.யூ. பக்கத்துல இருக்கிற வாஷிங்டன் ஸ்கொயர் வளைவு எதுக்கு?

வில்லேஜ்_பழசு
பதினெட்டு வயசுப் பொண்ணு எங்கே வளரணும்கறதையும் வட்டி விகிதத்தில் போட்டுப் பார்ப்பீங்களா?

வட்டிக்கணக்கு
கட்டப்போறது அவங்க அப்பா. அவருக்கு எத்தனை வயசுன்னு கேட்டீங்களா?

எடிசன்_அப்பா
52.

தோட்டத்து_அக்கா
சண்டையை நிறுத்திட்டு ஒண்ணு கேளுங்க. அண்ணா, வீட்டில் இன்னொரு பிள்ளை காலேஜ்ல இருக்கா? 2024-25லிருந்து ஃபாஃப்சா (அரசு நிதியுதவி விண்ணப்பம்) கணக்கில் ரெண்டு பேர் படிக்கிறாங்கன்னு குடும்பம் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்க மாட்டாங்க. ஆனா சி.எஸ்.எஸ். புரொஃபைல்னு இன்னொரு நிதியுதவி விண்ணப்பம் கேட்கும் தனியார் காலேஜ் சிலது அதையும் பார்க்கும். பெரிய பிள்ளையோட பில்லை இணைச்சு அப்பீல் எழுதுங்க. கெஞ்ச வேண்டாம், கணக்கை மட்டும் போடுங்க. முக்கியமா, நாலு வருஷத்துக்கும் இதே ஸ்காலர்ஷிப் வருமா, எவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வேணும்னு எழுத்துல வாங்குங்க.

எடிசன்_அப்பா
பெரியவன் மூன்றாம் வருஷம் படிக்கிறான் அம்மா. அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று ராத்திரியே எழுதுகிறேன். இன்னும் 25,000 குறைத்தால் தனியார், இல்லாவிட்டால் ரட்கர்ஸ். பொண்ணிடம் அந்த எண்ணைச் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி கழித்து வந்து, அவளே ஒரு எக்செல் ஷீட் காட்டினாள். அதில் நாலாம் வருஷத்துக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தாள்.