மறு: செல்ஃப் ஆர்க்கைவிங்: 'தற்காப்பு' வேண்டாம், 'படிவைப்பு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம். இதழில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரையின் ஒரு பிரதியை, எழுதியவரே தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைப்பதுதான் செல்ஃப் ஆர்க்கைவிங். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில், ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'தன்னாவணமாக்கம்' அல்லது 'தற்காப்பகப்படுத்தல்' எனலாம். மூலச்சொல்லின் இரண்டு பகுதியும் வந்துவிடுகின்றன.

வந்துவிடுகின்றன ஐயா, அதுதான் சிக்கலே. நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். போன வருடம் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கியபோது நானும் 'தற்காப்பக ஒப்புதல்' என்றுதான் போட்டேன். வேதியியல் பேராசிரியர் ஒருவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "யாரிடமிருந்து தற்காப்பு? கராத்தே கிளாஸா?" என்றார். பதிப்பகத்திடமிருந்துதான் சார் என்று சமாளித்தேன். அன்றோடு அந்தச் சொல் போயிற்று.

'தன்' என்பதே வேண்டாம் என்பேன். கட்டுரை எழுதியவரே தன் கையால் வைத்துக்கொள்ளலாம் என்று அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் அது தேவைப்பட்டது. இங்கே நடப்பது என்ன? பேராசிரியர் வாட்ஸப்பில் கோப்பை அனுப்புவார், நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஏற்றுவோம். இதில் 'தான்' எங்கே வருகிறது?

சரி, 'பதிவேற்றம்' போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ரிசர்ச்கேட் என்ற ஆய்வாளர் தளத்தில் போடுவதும் பதிவேற்றம்தான், அந்த நிறுவனம் நாளை கடையைக் கட்டினால் கட்டுரையும் கூடவே போய்விடும். களஞ்சியத்தில் வைப்பதென்றால் நிலையான முகவரி, மீதரவு (தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற விவரங்கள்), இது எந்த நிலையில் உள்ள பிரதி என்ற குறிப்பு, எந்தத் தேதியில் திறக்கலாம் என்ற விவரம் எல்லாம் சேர்ந்து வரும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. நம் ஆட்களுக்குத் தெரிந்தது இந்தியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் களஞ்சியமான சோத்கங்கா மட்டும், அதிலும் ஆய்வேடுகள்தான், இதழ்க் கட்டுரைகள் கிடையாது.

யாழ்ப்பாணத்து நண்பர் 'வைப்பிலிடல்' என்று எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. அங்கே வங்கிப் படிவத்திலேயே 'வைப்பு' இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதோடு 'படி'யைச் சேர்த்தால் என்ன? கையெழுத்துப்படி, நகலெடுப்பது என்ற பொருளில் படியெடுத்தல், இவையெல்லாம் புழக்கத்தில் உள்ளவை. இன்னொன்றையும் பாருங்கள், களஞ்சியம் என்றால் நெல் சேர்க்கும் இடம், படி என்றால் நெல் அளக்கும் படியும்தான். சந்தைக்குப் போகிற மூட்டை போகட்டும், வீட்டுக்கு ஒரு படி எடுத்து வை. நடப்பதும் அதேதான்: இதழுக்குப் போவது போகட்டும், பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி. ஆகவே படிவைப்பு.

இதை வைத்துக்கொண்டால் இன்னொரு தலைவலியும் தீரும். போஸ்ட்பிரிண்ட் என்பதற்கு 'பின்னச்சு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோமே, அது அச்சுக்கு முந்தையது! மதிப்பாய்வு முடிந்து இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்கம் வடிவமைக்காத நிலை. பெரும்பாலான பதிப்பகங்கள் களஞ்சியத்தில் வைக்க விடுவது இதைத்தான். எங்களிடம் வருவதோ இதழின் சின்னமும் பக்க எண்ணும் போட்ட பளபளப்பான பிடிஎஃப். "சார், இது கூடாது, நீங்கள் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பு வேண்டும்" என்றால், "அது அந்தப் பையனோட லேப்டாப்ல இருந்துச்சு, அவன் கொரியா போயிட்டான்" என்பார்கள். மதிப்பாய்வுக்கு முன் உள்ளது முன்படி, ஏற்கப்பட்டது ஏற்புப்படி, பதிப்பகம் வெளியிட்டது இதழ்ப்படி என்று படிவத்தில் மூன்று கட்டம் போட்டுவிட்டால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

'திறப்பு' என்பதையும் இந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற யோசனைக்கு நான் எதிர். வைப்பதும் திறப்பதும் வேறு வேறு வேலை. பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் 2008-இல் 'ஓர்பி' என்ற களஞ்சியத்தைத் தொடங்கியபோது, ஏற்பு வந்தவுடன் வைத்துவிடு, பொதுமக்களுக்குத் திறப்பது பதிப்பகம் அனுமதிக்கும்போது நடக்கட்டும் என்றுதான் விதி செய்தார்கள். பதவி உயர்வுக்கும் உள்மதிப்பீட்டுக்கும் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளையே கணக்கில் எடுப்போம் என்றும் சேர்த்தார்கள், அப்புறம் யார் வைக்காமல் இருப்பார்கள்? மூடியிருக்கும் காலத்தில் கட்டுரை தேவைப்படுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தி ஆசிரியரிடமே கேட்டுக்கொள்ளலாம். அதற்கும் 'படி கேட்க' என்று போட்டால் முடிந்தது.

வைத்த கட்டுரையைத் திறக்கக்கூடாது என்று பதிப்பகம் சொல்லும் காலம்தான் எம்பார்கோ. அதற்கு 'தடைக்காலம்' என்றதும் மீன் ஞாபகம் வருகிறதே என்று ஒருவர் சிரித்திருந்தார். வரட்டுமே. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள், முடிந்ததும் படகு கடலுக்குப் போகும் என்று நம் கிழக்குக் கரையில் எல்லாருக்கும் தெரியும். வெறும் 'தடை' என்றால் முடிவே தெரியாது. இங்கே 61 நாளுக்குப் பதில் 12 மாதம், சில இதழ்களுக்கு 24 மாதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம் என்ற ஓப்பன் ஆக்சஸுக்குத் 'திறந்த அணுக்கம்' இருக்கட்டும். 'கட்டற்ற' போட வேண்டாம், களஞ்சியத்தில் உள்ள பல கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கலாம், ஆனால் மொழிபெயர்த்து வெளியிட உரிமை இருக்காது.

என் சொல்லில் ஓட்டை இல்லாமல் இல்லை. அகவிலைப்படி, பயணப்படி மாதிரி 'இதழ்ப்படி'யும் ஏதோ அலவன்ஸ் என்று கணக்குப் பிரிவு நினைக்கலாம் (நினைத்துக் கொடுத்தால் நல்லதுதான்). அதைவிடப் பெரிய குறை, "ஏற்புப்படி வைக்கவும்" என்று எழுதினால் 'விதிப்படி' போல, ஏற்றுக்கொண்டதன் பிரகாரம் வைக்கவும் என்று படித்துவிடுவார்கள். "ஏற்புப்படியை வைக்கவும்" என்று ஐ உருபு போட்டுத் தப்பிக்கிறேன், ஆனால் பொத்தானில் அதற்கு இடமில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். புதிய படிவம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
களஞ்சியக்காரன்