உயரழுத்த அரைப்பு உருளைகளா, நெரியுருளையா?

அன்புடையீர், வணக்கம். தாதுக் கல்லை இரண்டு உருளைகளுக்கிடையே நெருக்கி உடைக்கும் High Pressure Grinding Rolls (HPGR) என்ற இயந்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் ஒருவர் கேட்டிருந்தார்:

> “உயரழுத்த அரைப்பு உருளைகள்” என்றே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் என்பேன். நீளம் ஒருபுறம் இருக்கட்டும், ‘அரைப்பு’ என்ற சொல்லே இந்த இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை.

அரைப்பது குண்டாலையின் (ball mill) வேலை. சுழலும் பெரிய உருளிக்குள் எஃகுக் குண்டுகள் ஏறி ஏறி விழுந்து, தாதுவை மோதியும் தேய்த்தும் பொடியாக்கும். அதற்கு ஆகும் மின்சாரத்தில் கல்லை உடைக்கப் பயன்படுவது மிகச் சிறு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடுகிறது.

ஜெர்மானியப் பேராசிரியர் ஷோனெர்ட் கண்ட வழி வேறு. அந்த வழியில் அமைந்த நம் இயந்திரம் 1980களில் சிமென்ட் ஆலைகளில் நுழைந்து பிறகு சுரங்கங்களுக்கு வந்தது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள். ஒன்று இடம்பெயராது, மற்றொன்றை ஹைட்ராலிக் அழுத்தம் அதன் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இடைவெளிக்கு மேல் தாது எப்போதும் குவிந்து நிற்க வேண்டும். கரும்புச்சாறு பிழியும் இயந்திரம் போலத் தோன்றும். ஆனால் அங்கே உருளையே கரும்பை நசுக்குகிறது. இங்கே பெரும்பாலும் கல்லைக் கல்தான் உடைக்கிறது. நெருக்குண்ட துணுக்குகள் ஒன்றையொன்று அழுத்தி நொறுங்கி, கீழே அடையடையாக விழுகின்றன. முழுதும் உடையாத துணுக்குக்குள்ளும் நுண்விரிசல் ஓடியிருக்கும். அடுத்து நிற்கும் குண்டாலைக்கு அந்த அளவு வேலை மிச்சம். பெருவின் செர்ரோ வெர்டே செப்புச் சுரங்கம் 2006இல் தன் கடினமான தாதுவுக்கு இந்த இயந்திரத்தைத்தான் இயக்கத் தொடங்கியது.

ஆகவே ‘நெரியுருளை’ என்று முன்மொழிகிறேன். நெரிதலில் நெருங்குவதும் உண்டு, நொறுங்குவதும் உண்டு. கூட்ட நெரிசல் என்கிறோம். மலைக்கடியில் இராவணன் நெரிந்ததைத் தேவாரம் திரும்பத் திரும்பப் பாடுகிறது. இரண்டு பொருளும் இந்த இயந்திரத்துக்குள் ஒரே நொடியில் நடக்கின்றன. முன்பு ஒருவர் சொன்ன ‘அமுக்குருளை’ எனக்கு ரோடு ரோலரைத்தான் நினைவூட்டுகிறது. அதில் உடைதல் இல்லை.

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன: உருளைகள் தரும் அழுத்தத்துக்கு நெரியழுத்தம், இடையில் நெருக்குண்ட தாதுப் படுகைக்கு நெரிபடுகை, வெளிவரும் அடைக்கு நெரியடை.

ஒன்றில் மட்டும் எனக்கு உதவி தேவை. உருளையின் மேற்பரப்பில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான முளைகள் பதித்திருப்பார்கள். அவற்றுக்கிடையே தாதுத்தூள் இறுகிப் படிந்து, உருளையைத் தேய்மானத்திலிருந்து காக்கும். இந்தப் படிவைத் ‘தற்கவசம்’ என்பதா, ‘தாதுக்கவசம்’ என்பதா? என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆலையில் பணிபுரிபவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.